மதிப்பகம் டீச்சரும் முதல்வரின் சட்டையும்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலில் மட்டும் அதற்கு வேலை. மற்ற இடங்களிலெல்லாம் அவள் மதிப்பகம் டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் டீச்சரின் முதுகுக்கும் காது உண்டு என்பது பள்ளிக்கே தெரியும்.

ஒன்பதாம் வகுப்புக்கு அவள் நேரிய சார்பு நடத்தினாள். அப்படியொன்றும் மலையைப் புரட்டும் விஷயமில்லை. உள்ளே ஒரு எண்ணைப் போட்டால் வெளியே ஒரு எண் வரும். போடுவது ஒவ்வொன்றாக ஏற ஏற, வருவதும் ஒரே அளவில் ஏறிக்கொண்டே போகும், இல்லாவிட்டால் ஒரே அளவில் இறங்கிக்கொண்டே போகும். வரைபடத்தாளில் குறித்தால் ஸ்கேல் பிடித்த மாதிரி நேர்கோடு. உள்ளே எதையெல்லாம் போடலாம் என்பதற்கு மதிப்பகம் என்று பெயர், வெளியே எதெல்லாம் வரும் என்பதற்கு வீச்சகம். இந்த இரண்டையும் எழுதாமல் விட்டவர்களை டீச்சர் மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை. பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு, சரியான விடையும் கொண்டுவந்து, அடியில் பெட்டி கட்டி, சிவப்பு மையில் அலங்காரமும் செய்திருப்பார்கள். டீச்சர் பேனாவின் பின்பக்கத்தால் அந்தப் பெட்டியைத் தட்டி, "மதிப்பகம் எங்கே?" என்பாள். காணாமல் போன குழந்தையைப் போலீஸ்காரர் விசாரிக்கிற குரல் அது.

இருபது சென்டிமீட்டர் மெழுகுவத்தி மணிக்கு இரண்டு சென்டிமீட்டர் உருகினால் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு மிஞ்சும் என்று ஒருமுறை கேட்டதற்கு, ஒருத்தி கழித்துப் பார்த்து மைனஸ் நான்கு என்று எழுதிவிட்டாள். டீச்சர் கோபப்படவில்லை. "நாளைக்கு வரும்போது அந்த மைனஸ் நாலு சென்டி மெழுகுவத்தியை எடுத்துட்டு வாம்மா. நானும் இதுவரைக்கும் பார்த்ததில்லை" என்றாள். அந்தப் பெண் இரண்டு நாள் லீவு போட்டாள்.

டீச்சருக்கு நாற்பத்தேழு வயது. தங்கையின் வீட்டு மாடியில் இருந்தாள். கீழே தங்கையின் தையல் கூடம். ஊரில் பாதிப் பள்ளிகளின் சீருடை அங்கேதான் தைக்கப்பட்டது. அக்கா மேலே விடைத்தாள் திருத்த, கீழே மெஷின்கள் ஓட, அந்த வீட்டில் யாரும் யாரிடமும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை.

டீச்சர் தன் வாழ்க்கைக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஏழு வருஷத்தில் மூத்த ஆசிரியை. அடுத்த ஏழில் கணிதத்துறைத் தலைவி. புள்ளிகள் இரண்டும் கோட்டில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. அப்படியானால் மூன்றாவது ஏழில் துணை முதல்வர். அந்த மூன்றாவது ஏழு இந்த வருஷம்தான். பதவி காலியாகவும் இருந்தது. கோடு பொய் சொல்லாது என்று அவள் நம்பினாள்.

பதவியைவிட அந்த அறையின் மேல்தான் அவளுக்கு ஆசை. மாடிப்படி ஓரத்தில் சின்ன அறை, தனிக்கதவு, ஒரு ஜன்னல், பூட்டுப் போடக்கூடிய அலமாரி. இப்போது ஆசிரியர் அறையில் அவளுக்குக் கிடைத்திருந்த இடம் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில். அது மூச்சு விட்டால் இவளுக்கு வியர்க்கும். அவளுடைய விடைத்தாள் கட்டு நல்ல உயரமாக இருக்கும் என்பதால் எல்லோரும் சாப்பாட்டுப் பையை அதன் மேலேயே வைத்தார்கள். பிள்ளைகளின் முக்கோணங்களில் எண்ணெய்க் கறை இல்லாத நாளே கிடையாது. துணை முதல்வர் அறையின் அலமாரியை எந்தச் சுவர்ப்பக்கம் நகர்த்த வேண்டும் என்பதுவரைக்கும் அவள் மனசுக்குள் தீர்மானம் செய்துவிட்டாள்.

முதல்வர் ஐம்பத்தெட்டு வயதுக்காரர். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான்: ஆய்வுக்குழு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்தக் குழு இந்த முறை காலாண்டுக்குள் வரப்போகிறது என்று கடிதம் வந்ததிலிருந்து, மனிதர் படிக்கட்டில் இறங்கும்போதுகூட ஒழுங்காக இறங்கினார். அந்த நேரம் பார்த்துச் சீருடை அளவெடுக்கிற நாள் வந்தது. அளவெடுக்கிற நாள் என்றால் பள்ளிக்கு அரை விடுமுறை மாதிரி. இஞ்ச் டேப்போடு தங்கையின் ஆட்கள் வருவார்கள், வகுப்பு வகுப்பாக வரிசை நிற்கும், வரிசையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் அளப்பார்கள், இரண்டு நாள் பாடம் போகும். ஆய்வுக்குழு வருகிற நேரத்தில் ஒரு மணி நேரப் பாடத்தைக்கூட விட முடியாது என்று முதல்வர் ஒற்றைக் காலில் நின்றார்.

அப்போதுதான் டீச்சர் எழுந்து, அளவே எடுக்க வேண்டாம் என்றாள்.

அவள் செய்தது இதுதான். ஒன்பதாம் வகுப்பை விட்டு, வகுப்புக்கு நாலு பேரின் பழைய சட்டையை அளக்கச் சொன்னாள். வயதைப் படுக்கைக்கோட்டிலும் சட்டை நீளத்தை நிற்கிற கோட்டிலும் குறித்தார்கள். ஆறு வயதுக்கு நாற்பத்திரண்டு சென்டிமீட்டர், பத்துக்கு ஐம்பத்து நாலு, பதினாறுக்கு எழுபத்திரண்டு. புள்ளிகள் கிட்டத்தட்ட வரிசையில் நின்றன. கிட்டத்தட்டத்தான், ஏழாம் வகுப்பில் நெட்டையாய் ஒருத்தி கோட்டுக்கு மேலே தனியாக மிதந்தாள். வேண்டுமென்றே வளர்ந்தவளைப் பார்ப்பதுபோல டீச்சர் அவளைப் பார்த்தாள். கடைசியில் கரும்பலகையில் எழுதினாள்: சட்டை நீளம் என்பது வயதை மூன்றால் பெருக்கி இருபத்து நாலைக் கூட்டியது. வருஷத்துக்கு மூன்று சென்டி ஏறும். பெரிய எழுத்தில் மதிப்பகத்தையும் எழுதினாள், ஆறிலிருந்து பதினாறு வரை. வீச்சகம் நாற்பத்திரண்டிலிருந்து எழுபத்திரண்டு வரை. வகுப்பே எழுதிக்கொண்டது.

தங்கைக்கு அனுப்பிய தாளில் மட்டும் சூத்திரம் மொட்டையாகப் போனது. மூன்று பெருக்கல் வயது, கூட்டல் இருபத்து நாலு, அவ்வளவே. பள்ளிக்கூடச் சட்டையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தானே போடப் போகிறார்கள், இதையெல்லாம் தங்கைக்கு எழுதிக் காட்ட வேண்டுமா என்று டீச்சர் நினைத்தாள். ஒன்பதாம் வகுப்பில் யாராவது இந்தச் சமாதானத்தைச் சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்பதை நாம் கற்பனை செய்துகொள்ளலாம்.

தங்கை அப்போதுதான் கம்ப்யூட்டர் வைத்த வெட்டு மெஷின் ஒன்று வாங்கியிருந்தாள். நீளத்தைத் தட்டினால் தோள், கை, அகலம் எல்லாவற்றையும் அதுவே கணக்கிட்டு வெட்டித் தள்ளும். சூத்திரத்தையும் வயதுகளையும் அதற்கு ஊட்டினார்கள். மழை பெய்த மாதிரி சட்டைகள் விழுந்தன. பாதிப் பிள்ளைகளுக்குச் சரியாக இருந்தது, மீதிப் பாதிக்குத் தொளதொளவென்று இருந்தது. வளர்கிற பிள்ளைதானே என்று பெற்றோர்கள் வழக்கம்போலத் தங்களைத் தாங்களே சமாதானம் செய்துகொண்டார்கள். நெட்டைப் பெண்ணுக்கு மட்டும் சட்டை இடுப்போடு நின்றது. அவளைக் கோட்டுக்கு வெளியே போனவள் என்று விட்டுவிட்டார்கள்.

முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மணி நேரம்கூடப் பாடம் போகாமல் பள்ளிக்கே சட்டை. ஆசிரியர் கூட்டத்தில் டீச்சரை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டவைத்தார். துணை முதல்வர் ஆணை தட்டச்சாகி மேஜையில் இருக்கிறது, ஆய்வுக்குழு போனதும் கையெழுத்து என்று அவர் காதோடு காதாகச் சொன்னதைக் கடைசி வரிசைவரை கேட்டார்கள். அதே சூட்டில் இன்னொன்றும் அறிவித்தார். ஆய்வு நாளன்று ஆசிரியர்களும் பள்ளி முத்திரை போட்ட ஒரே நிற மேல்சட்டையில் நிற்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் சீருடை உண்டு என்று அறிக்கையில் ஏற்கெனவே எழுதி அனுப்பியாகிவிட்டதாம். அளவு? அளவெல்லாம் எதற்கு? அலுவலக எழுத்தர் பணிப்பதிவேட்டிலிருந்து எல்லோருடைய வயதையும் எடுத்துத் தையல் கூடத்துக்கு அனுப்பிவிட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது தங்கை கேட்கத்தான் செய்தாள். வாத்தியார்களுக்கும் அதே கணக்குதானா என்று. டீச்சர் ஒரு கையால் சாப்பிட்டு மறுகையால் திருத்திக்கொண்டிருந்தாள். மதிப்பகம் எழுதாத ஒரு விடையை அடித்துக்கொண்டே, "சூத்திரம் என்ன ஆளுக்கு ஆள் மாறுமா? ஒண்ணுதான்" என்றாள். தங்கை அதற்குமேல் கேட்கவில்லை. அக்காவிடம் இரண்டாவது தடவை கேள்வி கேட்கிற பழக்கத்தை அவள் சின்ன வயதிலேயே விட்டுவிட்டாள்.

ஆய்வுக்கு முந்தின நாள் மத்தியானம் பொட்டலங்கள் வந்தன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் ஆளுக்கொன்றாக ஆசிரியர் அறைக்குத் தூக்கிவந்தார்கள். முதல்வரின் பொட்டலம் மட்டும் போர்வைக்கட்டு மாதிரி இருந்ததால் இரண்டு பேர் பிடித்தார்கள். முதல்வர் புன்னகையோடு பிரித்தார். காலரைப் பிடித்துத் தூக்கினார். சட்டை வந்தது, வந்துகொண்டே இருந்தது. கையை உயர்த்தினார், போதவில்லை. நாற்காலியில் ஏறினார். பொத்தான்கள் ரயில் நிலைய விளக்குகள்போல வரிசையாகக் கீழே இறங்கின. ஓரம் அப்போதுதான் தரையை விட்டுக் கிளம்பியது.

நூற்றுத் தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர். மெஷின் ஒரு நூலிழைகூடத் தப்பு செய்யவில்லை.

மற்றவர்களும் அவசர அவசரமாகப் பிரித்தார்கள். அறை முழுக்கத் துணி. வேதியியல் சார் கையைத் தேடி உள்ளே போனவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அதோடு போயிருந்தால் இது சிரித்துவிட்டு மறக்கிற விஷயம். ஆனால் கதவோரம் நின்ற ஒன்பதாம் வகுப்புக்கு டீச்சர் போன வாரம்தான் சார்பைத் திருப்பிப் போடுவது எப்படி என்று நடத்தியிருந்தாள். வெளியே வந்தது தெரிந்தால் உள்ளே போட்டது என்ன என்று கண்டுபிடிக்கலாம். "இருபத்து நாலைக் கழிச்சு மூணால வகு" என்று ஒரு பையன் கிசுகிசுத்தான்.

நூலகர் அம்மாவின் சட்டைக் காலரில் நூற்று எண்பத்து மூன்று என்று சீட்டு தைத்திருந்தது. பிள்ளைகள் உதட்டை அசைத்தார்கள். ஐம்பத்து மூன்று. நூலகர் அம்மா நெடுங்காலமாக நாற்பத்து நாலிலேயே நிலைத்திருந்தவர். முப்பத்தைந்துக்கு மேல் ஒருநாளும் நகராத வேதியியல் சார் நாற்பத்தொன்றாக வெளியே வந்தார். ஒவ்வொருவர் வயதும் அவரவர் கழுத்தில் சென்டிமீட்டரில் தொங்கியது. அறையில் சிரிப்பு நின்றுபோனது. எல்லோரும் காலரை மடக்கிக்கொண்டு மதிப்பகம் டீச்சரைப் பார்த்தார்கள். வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் ஒருத்தரும் போட்டு வராத கணக்கைப் பிள்ளைகள் இவ்வளவு சுத்தமாகப் போட்டதில் அந்த நிமிஷத்திலும் டீச்சருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. அதை அவள் முகத்தில் காட்டியிருக்கக் கூடாது.

தங்கையைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவள் வந்து நின்று, நாற்காலி மேலிருந்த முதல்வரை மேலிருந்து கீழாகவும் சட்டையை அதைவிட அதிக நேரமும் பார்த்தாள்.

"அக்காதான் சார் ஒரே சூத்திரம்னு சொன்னாங்க. பட்டம் வாங்கும்போது போடுற அங்கி மாதிரி ஏதோ பெருசா தைக்கிறாங்க போலன்னு நாங்க நினைச்சோம். படிச்சவங்க விஷயத்துல நாங்க எதுக்குத் தலையிடணும்?"

பிறகு அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, பல்லைக் கடிக்கிறாளா என்று சொல்ல முடியாத முகம்.

முதல்வர் நாற்காலியிலிருந்து இறங்கினார். விடிந்தால் ஆய்வுக்குழு. வேறு தைக்க நேரமில்லை. ஆனாலும் அவர் கெட்ட மனிதரில்லை. ஒரு வழி வைத்திருந்தார். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, எல்லோர் முன்னாலும் டீச்சரிடம் நிதானமாகவே சொன்னார். அந்தச் சூத்திரம் தப்பு என்று ஒரு வார்த்தை டீச்சர் வாயால் சொல்லிவிட்டால் போதும். மனிதர்கள் தவறுவது சகஜம். விஷயம் இங்கேயே முடிந்துவிடும், ஆணையில் கையெழுத்து விழுந்துவிடும்.

மாடிப்படி ஓரத்து அறைக்கதவு டீச்சருக்காகப் பாதி திறந்து நின்றது. ஒரே ஒரு வார்த்தை. தங்கை பின்னாலிருந்து அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

டீச்சர் யோசித்தாள். மதிப்பகம் எழுதாதது அவள் தப்பு, அதைச் சொல்ல அவளுக்குத் தயக்கமில்லை. ஆனால் இவர் கேட்பது அது இல்லையே. மூன்று பெருக்கல் வயது கூட்டல் இருபத்து நாலு. அதில் என்ன தப்பு? பள்ளிக்கே சட்டை தைத்துக் கொடுத்த கோடு அது.

"மதிப்பகம் எழுதாம விட்டது என் தப்புதான் சார். அதுக்கு என்ன வேணா சொல்லுங்க" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா சூத்திரம் தப்பில்லை. நீங்கதான் அதுக்கு வெளியே நிக்கிறீங்க."

முதல்வர் அந்த நூற்றுத் தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டரையும் மெதுவாக மடித்தார். மடித்து முடிக்க நேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தங்கை அர்ச்சனை செய்தாள். "ஊர்ல இருக்கிற எல்லாத்துக்கும் எல்லை போடுறே. உன் வாய்க்கு மட்டும் போட மாட்டேங்கிறே. தப்புன்னு சொன்னா அந்த இருபத்து நாலு வந்து உன்கிட்ட அழுமா?" டீச்சருக்கும் அது தெரியும். அழாதுதான். ஆனால் ஆய்வு முடிந்து திங்கட்கிழமை அவள் ஒன்பதாம் வகுப்பில் போய் நிற்க வேண்டுமே.

இதற்கிடையில் ஒருவரை மறந்துவிட்டோம். அன்றைக்கு எல்லோரும் மறந்துவிட்டார்கள். டிரில் மாஸ்டர். இருபத்து நாலு வயது, சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நல்ல உயரம். பந்துகளுக்குக் காற்றடிக்கப் போயிருந்ததால் களேபரத்தில் அவர் இல்லை. அவருடைய பொட்டலத்தில் தொண்ணூற்றாறு சென்டிமீட்டரில் ஒரு சட்டை இருந்தது. முட்டிக்கு மேலே ஒரு சாண், கொஞ்சம் தொளதொளப்பு. இப்போதைய மோஸ்தர் அதுதான் என்று நினைத்துப் போட்டுக்கொண்டார். அவருக்குப் பொருந்தவும் செய்தது.

மறுநாள் காலை ஆய்வுக்குழு வந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் அவரவர் உடையில், கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆசிரியர் சீருடை எங்கே என்று குழுத்தலைவி அறிக்கையைப் புரட்டியபோது, முதல்வர் தண்ணீரில் விழுந்தவர் கட்டையைப் பிடிப்பதுபோல டிரில் மாஸ்டரைப் பிடித்து முன்னால் தள்ளினார். அதன்பிறகு டிரில் மாஸ்டரைத் தவிர யாரையும் குழுவுக்குப் பக்கத்தில் விடவில்லை. கதவுகளை அவர் திறந்தார். ஆய்வுக்கூடத்தை அவர் காட்டினார். நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று கேட்டதற்கு, நிறைய என்று கம்பீரமாகச் சொன்னார். போகும்போது குழுத்தலைவி, இந்த இளைஞரிடம் தலைமைப் பண்பு தெரிகிறது என்று குறிப்பு எழுதினார். அப்படியொரு குறிப்பை அந்தப் பள்ளி அதற்குமுன் வாங்கியதில்லை.

ஆணை ஏற்கெனவே தட்டச்சாகியிருந்ததால் பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

ஆசிரியர் சட்டைகள் எல்லாம் தையல் கூடத்துக்கே திரும்பிப் போயின. முதல்வரின் சட்டையிலிருந்து மட்டும் ஒன்றாம் வகுப்புக்கு ஏழு சட்டை வெட்டினார்கள். நெட்டைப் பெண்ணுக்குத் தங்கை இஞ்ச் டேப் வைத்து அளந்து ஒன்று தைத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை முதல் பாட வேளைக்கு முன் துணை முதல்வர் கூப்பிடுவதாக டீச்சருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் மாடிப்படி ஓரத்து அறைக்குப் போனாள். அலமாரி அதே இடத்தில்தான் நின்றது. உள்ளே கால்பந்து பம்பும் இரண்டு விசிலும் இருந்தன. டிரில் மாஸ்டர் சட்டென்று எழுந்து நின்றார். நல்ல பிள்ளை. தன்னைவிட மூத்தவர்கள் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது எப்படி என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை. இந்த நாற்காலி டீச்சருக்கு வரவிருந்தது என்பது அவருக்குத் தெரியாது போலிருந்தது. தெரிந்திருந்தால் இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

அவருக்கு ஒரு உதவி வேண்டியிருந்தது. அடுத்த வருஷமும் ஆசிரியர்களுக்கு அதே சீருடை வேண்டும் என்று குழு எழுதியிருக்கிறதாம். மற்றவர்கள் ஏன் அவ்வளவு கோபமாக இருக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. அவருடைய சட்டை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சூத்திரத்தைப் பற்றியும் யாரிடமோ கேட்டு வைத்திருந்தார்.

"அடுத்த வருஷம் எனக்கு இருபத்தஞ்சு டீச்சர். அப்போ இன்னும் மூணு சென்டி நீளமா வரும், இல்ல?"

டீச்சர் அவரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னல்தான்.

"வராது சார்" என்றாள். "நீங்க வளர்ந்து முடிச்சாச்சு."

டிரில் மாஸ்டர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார், உட்காரச் சொல்லி நாற்காலியையும் இழுத்துப் போட்டார். டீச்சர் உட்காரவில்லை. மணி அடித்துவிட்டது. மாடியில் ஒன்பதாம் வகுப்பு சத்தம் போடாமல் காத்திருந்தது, அது ஒன்றும் நல்ல அறிகுறி இல்லை. அவள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு படியேறினாள்.